புனிதர்களும் அவர்களின் திருவிழா நாள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தோலிக்கத் திருச்சபையின் நாள்காட்டியைப் புரட்டினால் கிட்டத்தட்ட எல்லா நாளிலும் ஒரு புனிதரின் பெயர் இருக்கும். பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். "இவருக்கு ஏன் இந்தத் தேதி?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அவருடைய வாழ்க்கைக்குள்ளேயே போய்விடலாம். பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே அந்த வழியில்தான் எடுத்துக்கொள்கிறேன்.

புனிதரின் திருவிழா அவர் பிறந்த நாளிலா, இறந்த நாளிலா?

பெரும்பாலும் இறந்த நாளில். திருச்சபை அதை விண்ணகத்தில் பிறந்த நாளாகவே எண்ணுகிறது.

இந்த வழக்கம் மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், ஸ்மிர்னா நகரின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பை எரித்துக் கொன்றார்கள். கிறிஸ்துவைப் பழித்துவிட்டால் விட்டுவிடுவதாக ஆளுநர் சொன்னபோது, "86 ஆண்டுகள் அவருக்குப் பணிசெய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என் அரசரை எப்படிப் பழிப்பேன்?" என்று கேட்டார். அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் நடந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி மற்றத் திருச்சபைகளுக்கு அனுப்பினார்கள். விலையுயர்ந்த கற்களையும் பொன்னையும்விட மேலான அவருடைய எலும்புகளைச் சேகரித்து அடக்கம் செய்ததாகவும், அவர் மறைசாட்சியாக, அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவராகப் பிறந்த நாளை ஆண்டுதோறும் அங்கே கூடிக் கொண்டாடப்போவதாகவும் அதில் சொல்கிறார்கள். புனிதர் விழா என்ற ஏற்பாட்டுக்கு நம் கையில் இருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. கல்லறையைச் சுற்றி நின்ற சில பேரிடமிருந்துதான் இத்தனை பெரிய நாள்காட்டி வளர்ந்தது. பொலிக்கார்ப்பின் நினைவு பிப்ரவரி 23.

மண்ணுலகில் பிறந்த நாளைத் திருச்சபை கொண்டாடுவது மூன்று பேருக்குத்தான்: டிசம்பர் 25 இயேசு, செப்டம்பர் 8 மரியா, ஜூன் 24 திருமுழுக்கு யோவான். யோவானுக்கு இறந்த நாளும் தனியாக உண்டு, ஆகஸ்ட் 29.

சிலருக்கு இறந்த தேதி ஒன்று, விழா இன்னொன்று. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் காரணம் இருக்கிறது.

மிலான் ஆயர் அம்புரோஸ் 397 ஏப்ரல் 4ஆம் தேதி, புனித சனிக்கிழமையன்று இறந்தார். அந்தத் தேதியில் விழா வைத்தால் பெரும்பாலும் தவக்காலம் என்ற நோன்பு நாள்களிலோ, இயேசு உயிர்த்ததைக் கொண்டாடும் பாஸ்காவை ஒட்டியோ வந்து நிற்கும். அதனால் அவர் ஆயரான நாளாகிய டிசம்பர் 7 விழாவாயிற்று. அந்த நாளுக்குப் பின்னால் இருக்கும் கதையும் சாதாரணமானதல்ல. 374இல் மிலானின் ஆயர் இறந்ததும், அடுத்து யார் என்பதில் இரண்டு தரப்பு மோதிக்கொண்டது. ஆளுநராக இருந்த அம்புரோஸ் கலவரத்தைத் தடுக்கத்தான் கோவிலுக்குப் போனார். கூட்டம் அவரையே ஆயராக்கச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டது. அதை முதலில் சொன்னது ஒரு குழந்தையின் குரல் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். அப்போது அவர் திருமுழுக்குகூடப் பெற்றிருக்கவில்லை. எட்டு நாளில் திருமுழுக்கு, ஆயர் பட்டம் எல்லாம் முடிந்துவிட்டது.

தாமஸ் அக்குவினாஸ் இறந்தது 1274 மார்ச் 7. அது எப்போதும் தவக்காலத்துக்குப் பக்கத்திலேயே விழும். ஆகவே 1369இல் அவருடைய உடல் பிரான்சின் தூலூஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்ட நாளான ஜனவரி 28 அவர் நாளாயிற்று. திருத்தூதர் தோமாவின் ஜூலை 3உம் அப்படித்தான், அவருடைய திருப்பண்டங்கள் (உடலின் எச்சங்கள்) எதேசா நகருக்குக் கொண்டுபோகப்பட்டதை நினைவுகூரும் நாள். 1969 வரை அவர் விழா டிசம்பர் 21இல் இருந்தது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள்களுக்கு இடையூறு வேண்டாம் என்று மாற்றினார்கள்.

அசிசி பிரான்சிஸ் 1226 அக்டோபர் 3 அன்று பொழுது சாய்ந்த பிறகு, தன்னை வெறுந்தரையில் கிடத்தச் சொல்லி இறந்தார். சூரியன் மறைந்தாலே மறுநாள் என்று கணக்கிட்ட காலம் அது. அதனால் விழா அக்டோபர் 4.

அண்மைக்காலத் திருத்தந்தையர் இருவர்: இரண்டாம் யோவான் பவுலுக்கு, 1978இல் அவர் பணியேற்ற திருப்பலி நடந்த அக்டோபர் 22. இருபத்து மூன்றாம் யோவானுக்கு, 1962இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கிய அக்டோபர் 11.

அவிலா தெரேசா அக்டோபர் 4 இரவு இறந்தார், மறுநாள் 15ஆம் தேதி அடக்கம் என்கிறார்களே, எழுத்துப்பிழையா?

இல்லை, சரிதான். 1582ஆம் ஆண்டு ஸ்பெயினில் அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி. நடுவில் பத்து நாள் கிடையாது.

காரணம் நாள்காட்டிச் சீர்திருத்தம். பழைய ஜூலியன் கணக்கில் ஆண்டின் நீளம் உண்மையைவிடச் சுமார் 11 நிமிடம் கூடுதல். நூற்றாண்டுகள் போகப்போக அந்த நிமிடங்கள் சேர்ந்து, பகலும் இரவும் ஒரே அளவாக இருக்கும், மார்ச் 21இல் வரவேண்டிய சமபகல் நாள் மார்ச் 11க்கு நகர்ந்துவிட்டது. பாஸ்கா தேதி அதை நம்பித்தான் இருக்கிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாளை நீக்கிச் சரிசெய்தார். அந்த வெட்டு விழுந்த அதே இரவில்தான் அல்பா தெ தோர்மெஸ் மடத்தில் தெரேசா கண்ணை மூடினார். வாழ்நாளெல்லாம் மடம் மடமாகப் பயணம் செய்து, சீர்திருத்தம் செய்தே ஓய்ந்துபோன பெண்மணி அவர். அவருடைய விழா அக்டோபர் 15.

புனித தெரேசா என்றால் யார்? ஒருவரா, பலரா?

பலர். அதிகமாகக் கேள்விப்படுவது நான்கு பேரை.

ஸ்பெயினின் அவிலா தெரேசாவை இப்போதுதான் பார்த்தோம். பிரான்சின் லிசியே நகர்க் குழந்தை இயேசுவின் தெரேசா, 15 வயதில் கார்மேல் மடத்துக்குள் போனவர். 1897 செப்டம்பர் 30 அன்று காசநோயால் 24 வயதில் இறந்தார். செப்டம்பர் 30 ஏற்கெனவே புனித ஜெரோமின் நாள், அதனால் இவருக்கு அக்டோபர் 1. மடத்தைவிட்டு வெளியே போகாத இவரைத்தான் 1927இல் மறைப்பணிகளின் பாதுகாவலராக, சவேரியாருக்குச் சமமாக அறிவித்தார்கள்.

மூன்றாமவர் சிலுவையின் தெரேசா பெனடிக்டா. இயற்பெயர் எடித் ஸ்டைன். யூதக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் நம்பிக்கையை விட்டு, தத்துவம் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். 1921இல் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அவிலா தெரேசா தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியதை எடுத்து வாசித்தார். அந்த வாசிப்பு அவரைத் திருமுழுக்குக்குக் கொண்டுவந்தது, பிறகு கார்மேல் மடத்துக்கும். 1942இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். நினைவு ஆகஸ்ட் 9.

நான்காமவர் அன்னை தெரேசா. லிசியே தெரேசாவின் பெயரைத்தான் துறவறத்தில் எடுத்துக்கொண்டார். 1997 செப்டம்பர் 5 இறந்தார், 2016 செப்டம்பர் 4 புனிதரானார், விழா செப்டம்பர் 5. ஒருவர் பெயரை இன்னொருவர் ஏந்திக்கொண்டு, ஒருவர் எழுத்தை இன்னொருவர் வாசித்து வந்த வரிசை இது. தனித்தனியாகப் படிப்பதைவிடச் சேர்த்துப் படித்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

பெருவிழா, விழா, நினைவு: என்ன வித்தியாசம்?

கொண்டாட்டத்தின் படிநிலை. பெருவிழாவில் திருப்பலியின்போது வானவர் கீதம் என்ற புகழ்ப்பாடலும் நம்பிக்கை அறிக்கையும் உண்டு, முந்தின மாலையே தொடங்கிவிடும். விழாவில் வானவர் கீதம் மட்டும். நினைவில் இரண்டும் இல்லை. விருப்ப நினைவு என்றால் கொண்டாடலாம், விடலாம்.

மரியாவுக்கு அடுத்து, யோசேப்பு, திருமுழுக்கு யோவானின் பிறப்பு, பேதுரு-பவுல், அனைத்துப் புனிதர்கள் ஆகியவை உலகத் திருச்சபை முழுவதற்குமான பொது நாள்காட்டியில் பெருவிழாக்கள். திருத்தூதர்களுக்கு விழா. மகதலா மரியாவின் ஜூலை 22 நீண்ட காலம் நினைவாகவே இருந்தது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு திருத்தூதர்களுக்கே செய்தி சொன்னவர் என்பதால் 2016இல் அதைத் திருத்தூதர்களைப் போல விழாவாக உயர்த்தினார்கள். நியாயமான மாற்றம், இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று: ஒரு கோவில் எந்தப் புனிதரின் பெயரில் இருக்கிறதோ, அந்தக் கோவிலுக்கு அவருடைய நாள் பெருவிழா. அதனால்தான் ஒரே புனிதரின் நாள் ஓரிடத்தில் பெருவிழாவாகவும் இன்னோரிடத்தில் விருப்ப நினைவாகவும் இருக்கிறது.

விழா ஞாயிற்றுக்கிழமையில் வந்தால்?

ஞாயிறு ஆண்டவருடைய நாள், அதற்குத்தான் முதலிடம். 2025 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 14ஆம் தேதி ஞாயிறு, திருச்சிலுவையின் மகிமை விழா. அது ஆண்டவரின் விழா என்பதால் ஞாயிறன்றே கொண்டாடப்பட்டது. அடுத்த ஞாயிறு 21, மத்தேயுவின் விழா. அது புனிதரின் விழா, ஆகவே பொது நாள்காட்டிப்படி அந்த ஆண்டு விடுபட்டது.

பெருவிழா என்றால் பொதுக்காலத்தில் (சிறப்புக் காலங்கள் அல்லாத வாரங்களில்) ஞாயிற்றையும் தாண்டி நிற்கும். கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளில் வந்தால் பெருவிழாவே நகர வேண்டும். 2023இல் மார்ச் 19 தவக்கால ஞாயிறு, யோசேப்பின் பெருவிழா 20ஆம் தேதிக்குப் போனது. 2008இல் அது புனித வாரத்துக்குள் மாட்டிக்கொண்டதால் முன்னோக்கி, மார்ச் 15க்கு வந்தது.

தவக்கால வார நாள்களில் வரும் நினைவுகளுக்கு திருப்பலியின் தொடக்கச் செபமான சபை மன்றாட்டு மட்டும் அந்தப் புனிதருக்காகச் சொல்லப்படலாம், அவ்வளவுதான்.

திருப்பலியில் குரு சிவப்பு உடை அணிவது எப்போது, வெள்ளை எப்போது?

இரத்தம் சிந்திய மறைசாட்சிகளுக்குச் சிவப்பு, மற்றவர்களுக்கு வெள்ளை. திருத்தூதர்கள், நற்செய்தியாளர்கள் விழாவுக்கும் சிவப்பு. திருத்தூதர் யோவான் மட்டும் விலக்கு. அவர் கொல்லப்படாமல் முதுமையில் இறந்தார் என்பது மரபு, ஆகவே டிசம்பர் 27 வெள்ளை.

ஒருவரைப் புனிதர் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

முதலில் ஒரு விளக்கம். திருச்சபை யாரையும் புனிதராக "ஆக்குவது" இல்லை. கடவுள் அருளால் அப்படி வாழ்ந்து முடித்தவர் இவர் என்று உறுதிசெய்து அறிவிக்கிறது.

தொடக்கத்தில் மக்களின் பக்தியும் உள்ளூர் ஆயரின் ஒப்புதலும் போதுமாக இருந்தன. திருத்தந்தை முறைப்படி அறிவித்த முதல் புனிதராகச் சொல்லப்படுபவர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், ஆண்டு 993. இன்றைய நடைமுறை 1983இல் வகுக்கப்பட்டது. பொதுவாக ஒருவர் இறந்து 5 ஆண்டு ஆன பிறகு மறைமாவட்ட ஆயர் விசாரணையைத் தொடங்குவார். அப்போது அவர் இறை ஊழியர். சாட்சிகளை விசாரித்து, அவர் எழுதிய எல்லாவற்றையும் திரட்டி உரோமைக்கு அனுப்புகிறார்கள். நற்பண்புகளில் வீரத்தோடு வாழ்ந்தார் என்று உறுதியானால் வணக்கத்திற்குரியவர். அவர் பரிந்துரையால் ஒரு புதுமை, அதாவது அற்புதம் நடந்தது நிரூபணமானால் அருளாளர். அதற்குப் பிறகு இன்னொரு புதுமை நடந்தால் புனிதர். மறைசாட்சிகளுக்கு அருளாளர் பட்டத்துக்குப் புதுமை தேவையில்லை.

புதுமை என்று வருவது பெரும்பாலும் நோய் குணமான நிகழ்ச்சி. அதை மருத்துவர் குழு முதலில் அலசும்: திடீரென்று குணமானதா, முழுமையாகவா, நிலைத்ததா, மருத்துவத்தால் விளக்க முடியாததா? மருத்துவர்கள் "புதுமை" என்று சொல்வதில்லை, "எங்களால் விளக்க முடியவில்லை" என்று மட்டும் சொல்கிறார்கள். மீதியை இறையியலாளர்கள் பார்க்கிறார்கள்.

காலம் எவ்வளவு ஆகும் என்பதற்கு அளவே இல்லை. பதுவை அந்தோணியார் 1231 ஜூன் 13 இறந்தார், 1232 மே 30 புனிதர், ஓராண்டுகூட ஆகவில்லை. ஜோன் ஆஃப் ஆர்க் 1431இல் எரிக்கப்பட்டார், 1920இல்தான் புனிதர். தேவசகாயம் 1752 ஜனவரி 14 சுட்டுக் கொல்லப்பட்டார், 2012இல் அருளாளர், 2022 மே 15இல் புனிதர். 2006இல் 15 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த கார்லோ அக்குத்திஸ் 2025 செப்டம்பர் 7இல் புனிதரானார், அவருடைய தாய் உயிரோடிருக்கும்போதே.

மாக்சிமிலியன் கோல்பே மறைசாட்சியா? அவரை யாரும் விசுவாசத்தை மறுதலிக்கச் சொல்லவில்லையே?

இந்தக் கேள்வி திருச்சபைக்குள்ளேயே எழுந்தது. 1941 ஜூலை இறுதியில் ஆஷ்விட்ஸில் ஒரு கைதி காணாமல் போனார். தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பிரான்சிசேக் கயோவ்னிச்செக், மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அழுதார். 16670 என்ற எண் கொண்ட கைதி வரிசையைவிட்டு முன்னே வந்தார். தான் ஒரு கத்தோலிக்கக் குரு என்றும், அவருக்குப் பதிலாகத் தான் சாகிறேன் என்றும் சொன்னார். அவர்தான் கோல்பே. நிலவறையில் உடனிருந்தவர்களோடு செபித்தும் பாடியும் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார். ஆகஸ்ட் 14 அன்று நச்சு ஊசி போட்டுக் கொன்றார்கள். மறுநாள் மரியாவின் விண்ணேற்பு. வாழ்நாள் முழுக்க மரியாவின் பெயரைச் சொன்னவர் அவர்.

1971இல் அருளாளராக அறிவித்தபோது அவரை மறைசாட்சி என்று சொல்லவில்லை. அன்புக்காக உயிர் கொடுத்தார், நம்பிக்கையின்மீதான வெறுப்பால் கொல்லப்பட்டார் என்று நிறுவ முடியவில்லை என்பது வாதம். 1982 அக்டோபர் 10 அன்று இரண்டாம் யோவான் பவுல் சிவப்புத் திருவுடையில் வந்து, அவரை மறைசாட்சியாகவே அறிவித்தார். மனிதனை எண்ணாக்கி அழித்த அந்த ஏற்பாடே நம்பிக்கையின்மீதான வெறுப்புதான் என்று பார்த்தால் இந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். அன்று அந்தத் திருப்பலியில் கயோவ்னிச்செக்கும் இருந்தார். 1995வரை வாழ்ந்தார்.

2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், பிறருக்காக உயிரைக் கையளித்தவர்களுக்கென்று தனி வழியே திறந்தார்.

கிறிஸ்தோபரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பது உண்மையா?

இல்லை. 1969இல் பொது நாள்காட்டியைத் திருத்தியபோது, வரலாற்றுச் சான்று குறைவாக உள்ள சிலருடைய நாள்களை உலகெங்கும் கட்டாயமாகக் கொண்டாட வேண்டாம் என்று எடுத்தார்கள். திருச்சபை ஏற்ற புனிதர்கள் அனைவரின் பட்டியலான உரோமை மறைசாட்சிப் பட்டியலில் ஜூலை 25இல் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. அலெக்சாந்திரியா கத்தரீனையும் அப்போது எடுத்தார்கள், பிறகு நவம்பர் 25க்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பழைய புனிதர் வரலாறுகளில் வருவதெல்லாம் நடந்தவைதானா?

எல்லாம் இல்லை. ஜார்ஜ் ஒரு மறைசாட்சி. அவர் பறவைநாகத்தைக் கொன்ற கதை பல நூற்றாண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. இப்படிப்பட்டவற்றைப் பிரித்துப் பார்ப்பது நம்பிக்கைக்கு எதிரான வேலை இல்லை. 17ஆம் நூற்றாண்டிலிருந்து பொல்லாந்தியர் என்ற இயேசு சபை அறிஞர் குழுவே அதைச் செய்துவருகிறது.

அதேசமயம் பழையதெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளவும் கூடாது. 203இல் கார்த்தேஜில் கொல்லப்பட்ட பெர்பெத்துவா, சிறையில் தானே எழுதிய குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. வயது சுமார் 22, கையில் பால்குடிக் குழந்தை. மறுதலிக்கும்படி அப்பா வந்து கெஞ்சுகிறார். அங்கே கிடந்த ஒரு குடுவையைக் காட்டி, "இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா?" என்று கேட்கிறாள். முடியாது என்கிறார். "அப்படியே நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறெதுவாகவும் என்னைச் சொல்ல முடியாது" என்கிறாள். பிறகு குழந்தையைச் சிறையிலேயே வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. அன்றிலிருந்து அந்த இருட்டறை தனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்று எழுதுகிறாள். 1,800 ஆண்டு கடந்தும் ஒரு தாயின் குரல் அப்படியே கேட்கிறது. பெர்பெத்துவா, அவரோடு கொல்லப்பட்ட பெலிசித்தா நினைவு மார்ச் 7.

புனிதர்களை வணங்குவது சிலைவழிபாடு ஆகாதா?

ஆராதனை கடவுள் ஒருவருக்கே. புனிதர்களுக்குச் செய்வது வணக்கம், அவர்களிடம் கேட்பது பரிந்துரை. 787இல் இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தது. படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் இருப்பவரைச் சேரும் என்றும் சொன்னது. "எனக்காகச் செபியுங்கள்" என்று உயிரோடிருக்கும் நண்பரிடம் கேட்கிறோம். இறப்பு அந்த உறவை அறுத்துவிடாது என்பதுதான் கத்தோலிக்க நம்பிக்கை.

நாள்காட்டியில் பெயர் இல்லாத புனிதர்கள்?

பொது நாள்காட்டியில் இருப்பவர்கள் மிகச் சிலர். உரோமை மறைசாட்சிப் பட்டியலிலேயே ஏறக்குறைய 7,000 பெயர்கள் உள்ளன. அதிலும் இடம்பெறாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் நவம்பர் 1. மறுநாள் இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு.

வாசிக்கத் தொடங்க வேண்டும். யாரிடமிருந்து தொடங்கலாம்?

உங்கள் பெயருக்குரிய புனிதரிடமிருந்து. ஒரே பெயரில் பலர் இருந்தால், பெற்றோர் யாரை நினைத்து வைத்தார்கள் என்று கேளுங்கள். பிரான்சிஸ் என்றால் அசிசியாரா (அக்டோபர் 4), சவேரியாரா (டிசம்பர் 3), சலேசியாரா (ஜனவரி 24)? தெரியாவிட்டால் நீங்களே ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். முடிந்தவரை அவர்களே எழுதியதையோ, உடனிருந்தவர்கள் எழுதியதையோ தேடிப் பிடியுங்கள். மெருகேற்றிய வரலாறுகள் பல நேரம் கோபம், சந்தேகம், தோல்வி எல்லாவற்றையும் துடைத்துவிடுகின்றன. ஜெரோமின் கடிதங்களில் அவருடைய முன்கோபம் அப்படியே இருக்கிறது. திருமணம் ஆகாமலேயே மகன் பிறந்ததை அகுஸ்தீன் மறைக்கவே இல்லை.

1521இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த ஒரு ஸ்பானிய வீரர், படுக்கையில் கிடந்தபடி வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறும்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் வாசித்தார். போர்க்களப் புகழைப் பற்றிய கனவு அந்த நேரத்துக்கு இனித்துவிட்டு மனத்தை வறண்டுபோக விட்டது, புனிதர்களைப் பற்றிய நினைப்பு மூடிவைத்த பிறகும் இனிமையாகவே இருந்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்தவர்தான் லொயோலா இஞ்ஞாசியார். அவருடைய நினைவு ஜூலை 31.